மண்ணாங்கட்டிக்கு நல்ல தண்ணீர்

கலியபெருமாளின் நாக்கைப் பற்றி மரக்காணம் உப்பளத்தில் ஒரு பேச்சு உண்டு. பாத்தியில் நிற்கிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், உப்பு விளைய இன்னும் இரண்டு நாளா மூன்று நாளா என்று சொல்லிவிடுவார். தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கென்று முதலாளி ஒரு கண்ணாடிக் கருவி வாங்கி வைத்திருந்தார். மேஸ்திரி அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்ப்பதற்குள் கலியபெருமாள் விரலைச் சப்பிவிட்டு, "இருபத்தி மூணு இருக்கும்பா" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். கருவியும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். சொல்லாத நாளில் கருவி கெட்டுப்போய்விட்டது என்பார்.

அந்த நாக்கே அவர் மானத்தை வாங்கிய கதைதான் இது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பூனை.

பூனை அவருடையது இல்லை, அவர் மனைவி மங்கம்மாவுடையது. இதை அவர் கேட்டவர்களிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். ஒரே மகள் வைஜெயந்தியைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்த வருஷம், கருவாட்டு வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டுச் செல்லம்மாளின் கொட்டகையில் ஒரு பூனை நான்கு குட்டி போட்டது. மூன்று செத்துப்போயின. நான்காவதையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று மங்கம்மா, பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தாள். செல்லம்மாளுக்கு ஒரு படி தவிடு கொடுத்துக் குட்டியை விலைக்கு வாங்கினாள். மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தாள். எமன் வந்து பேரைக் கேட்டால், இதையா எடுத்துக்கொண்டு போவது என்று முகம் சுளித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

"மனுசப் புள்ளைக்குச் செய்யறதெல்லாம் பூனைக்குச் செய்யறா" என்று கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். பேர் என்னவோ பலித்துவிட்டது. ஏழு வருஷத்தில் மண்ணாங்கட்டி சோறும் கருவாடும் தின்று, மண்ணாங்கட்டி என்ன, மண் குதிர் அளவுக்கு ஆகிவிட்டான்.

மங்கம்மாவுக்குச் சர்க்கரை. ஆறு வருஷமாக இன்சுலின் ஊசி. மாதம் ஒருமுறை திண்டிவனம் போய்ப் பெரியாஸ்பத்திரியில் மருந்து வாங்கி வந்து, ஈர மணல் போட்ட மண் பானைக்குள் வைத்திருப்பாள். வாங்கி வருவதில் குறை இல்லை, போட்டுக்கொள்வதில்தான் குறை. ஒரு நாள் போடுவாள், இரண்டு நாள் மறந்துவிடுவாள். "ஊசி போட்டா மட்டும் இன்னா, வயசு திரும்பியா வரப் போவுது" என்பாள். இரண்டு வருஷம் முன்பு காலில் ஒரு சின்னப் புண் வந்து ஆற நான்கு மாதம் ஆனது. விரலை எடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டது கலியபெருமாளின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு உள்ளூர ஒரு பயம். இவள் போய்விட்டால் நாம் என்ன ஆவோம் என்கிற பயம்தான் அது, வேறொன்றும் இல்லை. அதை வாயால் சொல்லத் தெரியாமல், அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஊசி ஊசி என்று கத்துவார். அவர் கத்தக் கத்த அவளும் மறப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் 2004 டிசம்பரில் அலை வந்தது. அவர்கள் வீடு ரோட்டுக்கு மேற்கே இருந்ததால் அலை அங்கே வரவில்லை. ஆனால் கடல் கழிமுகத்தின் வழியாகப் புகுந்து, உப்பளம் முழுக்கப் பரவி, சேற்றை விட்டுவிட்டுப் போனது. வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது. கரையோரக் குப்பங்களில் போன உயிர்களுக்கு முன்னால் கிணறு உப்பானது ஒரு பேச்சா என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஜனவரியிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வந்தது. வீட்டுக்கு ஆறு குடம். அதில்தான் குடிக்கவும் வேண்டும், சோறாக்கவும் வேண்டும்.

லாரி வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் மங்கம்மா, முருங்கை மரத்தடியில் மண்ணாங்கட்டி தண்ணீர் குடிக்கிற உடைந்த சட்டியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றினாள். கலியபெருமாள் அதைப் பார்த்துவிட்டார்.

"மனுசனுக்கே தொண்டைய நனைக்க வழியக் காணோம், பூனைக்கு நல்ல தண்ணி கேக்குதா? கிணத்துத் தண்ணிய ஊத்து. அது இன்னா வாய தொறந்து கரிக்குதுன்னு சொல்லப்போவுதா?"

மங்கம்மா சட்டியைச் சாய்த்துத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு விட்டாள். பிறகு கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். கலியபெருமாள் அதை அன்றே மறந்துவிட்டார்.

மாசி கடைசியில் மண்ணாங்கட்டி இளைக்க ஆரம்பித்தான். தின்றது தின்றபடி இருந்தான், குடித்தது குடித்தபடி இருந்தான், உடம்பு மட்டும் கரைந்துகொண்டே போனது. ஒரு நாள் காலையில் கோலம் போட வந்த மங்கம்மா, வேலி ஓரத்தில் அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தாள். விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷம் முன்பு அவளுக்கு வியாதி தெரிந்ததும் இப்படித்தான்.

"இந்தாங்க, இதுக்கும் சக்கரைங்க."

"பூனைக்குச் சக்கரையா? உனக்கு வெயில் ஏறிடிச்சி."

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் மண்ணாங்கட்டியை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார்கள். ஆரோவில்காரர்கள் வளர்க்கிற நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற சந்தியா என்கிற டாக்டர் ஒருவர் குயிலாப்பாளையத்தில் இருக்கிறார் என்று வைஜெயந்தி விசாரித்துச் சொல்லியிருந்தாள். வழி முழுக்கக் கூடைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, கண்டக்டர் அரை டிக்கெட் எடுக்கச் சொன்னார். கலியபெருமாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் பூனையின் காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். சர்க்கரைதான். மனுஷருக்குப் போடுகிற இன்சுலினே போதும், அளவுதான் துளியூண்டு, காலையும் மாலையும் போட வேண்டும், ஊசி தனியாக இருக்க வேண்டும் என்றார்.

"சோறு கூடாது, பால் கூடாது. இன்னொண்ணு முக்கியம்மா. வயித்துல தீனி விழுந்த பிறகுதான் ஊசி. சாப்பிடலன்னா ஊசி போடாம எனக்குப் போன் பண்ணுங்க. வெறும் வயித்துல போட்டா உயிருக்கே ஆபத்து."

"எனக்குத் தெரியாதாம்மா அது" என்றாள் மங்கம்மா. வியாதியைக் கேட்டு அவள் அழவில்லை. தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரிதான் பூனையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கலியபெருமாள் எதிர்பார்க்கவே இல்லை. காலை ஏழு மணிக்கு மங்கம்மா மண்ணாங்கட்டியின் முன்னால் தட்டை வைப்பாள். அவன் தின்று முடித்ததும் பிடரித் தோலைத் தூக்கி ஊசி போடுவாள். "ஆச்சிடா, ஆச்சி. உனக்கு மட்டுந்தான் வலிக்குதுன்னு பாக்கறியா? இந்தா, எனக்குந்தான்" என்று தனக்கும் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். சாயந்திரம் ஏழு மணிக்கும் அதேதான். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. ஏப்ரல் மாதம் பெரியாஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்மா ஒழுங்கா இருக்கீங்க" என்றார்கள். ஆறு வருஷம் கலியபெருமாள் தொண்டை வறளக் கத்தி நடக்காதது, ஒரு பூனையால் ஒரே மாதத்தில் நடந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், இந்தப் பூனை நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லையம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பூனை போனால் அவள் ஊசி போகும். ஊசி போனால் அவள் போவாள். கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

ஜூனில் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. ஒரு காலையில் மண்ணாங்கட்டி அடுப்படி மூலையில் குந்தி முக்கிக்கொண்டிருந்தான். மூத்திரம் வரவில்லை, ரத்தம் ஒரு சொட்டு வந்தது. பிறகு அவன் ஒரு கத்து கத்தினான் பாருங்கள், உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கலியபெருமாள் தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கூடைமேல் கட்டிவிட்டார்.

டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். எடுத்ததை ஒரு கண்ணாடிச் சில்லில் தடவிக் காட்டினார். பொடி மணல் மாதிரி இருந்தது.

"மூத்திரப் பையில கல்லு. சக்கரைக்கு ஒரு தீனி, கல்லுக்கு ஒரு தீனின்னு பாக்கெட்ல வருது. ஆனா கல்லுக்கு வர்ற அந்தக் காஞ்ச தீனில மாவு ஜாஸ்தி, சக்கரைக்கு ஆவாது. அதனால வீட்டுலயே செய்ங்க. எலும்பில்லாத கோழிக்கறி வேக வெச்சது, முட்டை வெள்ளை, வாரத்துல ரெண்டு நாள் துளி ஈரல். கருவாட்டைக் கண்ணுலயே காட்டக் கூடாது. உப்பு ஒரு கல்லுகூடக் கூடாது. தண்ணி நெறைய குடிக்கணும். குடிக்குதா?"

"அதுல கொறையே இல்ல டாக்டரம்மா, சட்டி சட்டியா குடிக்குது" என்றார் கலியபெருமாள் பெருமையாக. எந்தத் தண்ணீர் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் தோன்றாது.

வீட்டுக்கு வந்ததும் மங்கம்மா, கல் என்றால் வாழைத்தண்டுதானே என்று சாறு பிழிந்து ஒரு சங்கு புகட்டினாள். மண்ணாங்கட்டி அதைக் கலியபெருமாளின் வெளுத்த வேட்டியில் துப்பினான். அதோடு கை வைத்தியம் முடிந்தது.

தீனிதான் பெரும்பாடாகிவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று மனுஷர் சொல்வதைப் பூனை செய்து காட்டியது. உப்பளத்தில் பிறந்து கருவாட்டுக் கொட்டகையில் கண் திறந்தவன், வெறும் வெந்த கோழியைப் பார்த்து மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தான். அவன் தின்னாமல் ஊசி போடக் கூடாது. அவனுக்குப் போடாமல் மங்கம்மாவும் போட்டுக்கொள்ள மாட்டாள், சாப்பிடவும் மாட்டாள். மணி எட்டாகும், எட்டரையாகும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த கலியபெருமாள் மூன்றாம் நாள் செல்லம்மாளிடம் போய் ஒரு துண்டு வாளைக் கருவாடு வாங்கி வந்தார். அதைத் துணியில் முடிந்து, சுவர் ஆணியிலிருந்து கயிறு கட்டி, தட்டுக்கு நேர் மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டார்.

"வாசனைக்கு மட்டும்" என்றார்.

மண்ணாங்கட்டி அண்ணாந்து முகர்ந்தான், குனிந்து முகர்ந்தான், மறுபடி அண்ணாந்தான். பிறகு வாசனை எங்கிருந்து வருகிறது என்கிற ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கோழியைத் தின்ன ஆரம்பித்தான். மங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தும் ஜூலை நடுவில் மறுபடி அடைத்துக்கொண்டது. மறுபடி கூடை, மறுபடி பஸ், மறுபடி குழாய். இந்த முறை டாக்டரின் முகம் சரியில்லை.

"இன்னொரு தரம் அடைச்சா கஷ்டங்க. ஆபரேஷன்னா சென்னைக்குப் போகணும், சக்கரை இருக்கற உடம்பு அதைத் தாங்குமான்னு தெரியல. அதை வதைக்காம ஊசி போட்டுத் தூங்க வெச்சிடறதுதான் நல்லதுன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

பஸ்ஸில் மங்கம்மா இறங்கும் வரை கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்திரம் மயக்கம் தெளியாத பூனைக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மங்கம்மாவும் போட்டுக்கொள்ளவில்லை. கலியபெருமாள் ஞாபகப்படுத்தினார், கத்தாமல்தான். "எனக்கு இன்னா அவசரம்" என்றாள் அவள்.

கலியபெருமாள் பயம் வந்தால் கோபம் வருகிற மனுஷர். யாரோ திருட்டுத்தனமாகக் கருவாடு போடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். யார் போடுவார்கள், செல்லம்மாள்தான். மறுநாள் லாரி வரிசையில் நாலு பேருக்கு முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பாசம்னு நெனச்சிப் பூனைய சாவடிக்கறியா நீ? கருவாடு போடாதன்னு எத்தினி தபா சொன்னேன்?"

செல்லம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, எல்லையம்மன் மேல சத்தியம். என் கையால ஒரு செதில் போட்டிருந்தா என் கை அழுவிப் போவட்டும். அது என் கொட்டாயில பொறந்த குட்டி. எனக்கு வயிறு எரியாதா?" குடத்தை நிரப்பாமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வரிசையில் யாரும் கலியபெருமாளைப் பார்க்கவில்லை. அவருக்கும் மனசு உறுத்தியது, ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று விறைப்பாக நின்றார்.

ஜூலை கடைசி ஞாயிறு, உச்சி வெயில். வேலை இல்லாத நாள். கலியபெருமாள் முருங்கை மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். மண்ணாங்கட்டி மெல்ல நடந்து வந்து உடைந்த சட்டியில் வாயை வைத்து லபக் லபக் என்று குடித்துவிட்டுப் போனான். தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. சட்டியின் உட்புறம் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக வளையங்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். முப்பது வருஷம் பார்த்த வெள்ளைதான். பிறகு எழுந்து உட்கார்ந்தார். நகத்தால் ஒரு வளையத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தார்.

கரித்தது. கரிப்புக்குப் பின்னால் நாக்கின் அடியைப் பிடிக்கிற ஒரு கசப்பு.

அந்தக் கசப்பை அவருக்குத் தெரியும். உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் தங்குகிற கசப்புத் தண்ணீரை வெளியே திருப்பிவிட வேண்டும். சோம்பேறித்தனப்பட்டு அதன் மேலேயே புதுத் தண்ணீரை விட்டால் உப்பு கெட்டுப்போகும், பாத்தியின் அடியில் கல்மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வதே அதுதான். இங்கே அவர் வீட்டு முற்றத்தில் ஏழு மாதமாக என்ன நடந்திருக்கிறது? கடல் புகுந்த கிணற்றுத் தண்ணீர். வெயிலில் அது வற்ற வற்ற, சட்டியைக் கழுவாமல் மிச்சத்தின் மேலேயே ஊற்றி ஊற்றி, அச்சு அசலாக ஒரு பாத்தி. அந்தப் பாத்தித் தண்ணீரைத்தான், சர்க்கரைத் தாகம் பிடித்த பூனை சட்டி சட்டியாகக் குடித்திருக்கிறது. அவன் வயிற்றுக்குள் கல் விளையாமல் வேறென்ன விளையும்?

கிணத்துத் தண்ணிய ஊத்து என்று சொன்ன குரல் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. தன் குரல்தான்.

மங்கம்மா அடுப்படியில் இருந்தாள். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஊரெல்லாம் மெச்சுகிற நாக்குக்குச் சொந்தக்காரர், சொந்த முற்றத்தில் இருந்த தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? செல்லம்மாள் குடத்தோடு திரும்பிப் போனது வேறு கண் முன்னால் வந்தது. அவர் சட்டியை எடுத்து மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஓடு போகவில்லை. வேலிக்கு வெளியே எறிந்து உடைத்துவிட்டு, பரணிலிருந்து ஒரு புதுச் சட்டியை இறக்கினார்.

மறுநாளிலிருந்து ஒரு திருட்டு வேலை ஆரம்பமானது. உப்பளத்துக்குக் குடிக்க அவர் ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் கொண்டுபோவார். விடிந்ததும் மங்கம்மா கோலம் போடுகிற நேரம் பார்த்து, அந்தக் கேனிலிருந்து இரண்டு சொம்புத் தண்ணீர் எடுத்தார். ஒன்றைச் சட்டியில் ஊற்றினார். இன்னொன்றை மறைவாக ஒரு சொம்பில் மூடி வைத்து, கோழி வேகிற நேரத்தில் அந்தப் பாத்திரத்தில் கொட்டினார். "சாறாட்டம் குடு, தண்ணியோட உள்ள போவட்டும்" என்று மட்டும் மங்கம்மாவிடம் சொன்னார். பிறகு முகம் கழுவப் போய்விட்டு வந்து கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

ஆகஸ்ட் வெயிலில் உப்பு வாருகிறவனுக்கு இரண்டு சொம்புத் தண்ணீர் என்பது சின்ன விஷயம் இல்லை. தொண்டை காய்ந்து கிடக்கப்போகிறோம் என்று தயாராகத்தான் போனார். ஆனால் கேன் அதிசயமாகச் சாயந்திரம் வரை தாங்கியது. நல்ல காரியம் செய்தால் அம்மன் கைவிட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் சாப்பாடும் ருசியாக இருக்கிற மாதிரி பட்டது. ஒரு நாள் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "இப்பல்லாம் உன் கைப்பக்குவம் சரியா விழுது, உப்பு ஒறப்பு எல்லாம் கணக்கா இருக்குது" என்றார். மங்கம்மா குனிந்து ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் போனது. செப்டம்பர் போனது. ஒவ்வொரு நாள் காலையிலும் கலியபெருமாள் வேலி ஓரம் போய் மண்ணாங்கட்டி மூத்திரம் போவதை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். போவோர் வருவோர் கேட்டால் வேலியைச் சரிபார்க்கிறேன் என்பார். வீட்டில் ஏழு மணிக்கு ஏழு மணி இரண்டு ஊசியும் தவறாமல் நடந்தன.

அக்டோபர் முதல் வாரத்தில் டாக்டரிடம் போனார்கள். சந்தியா மூத்திரத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் கருவிக்குள் பார்த்தார். சில்லை நகர்த்தி நகர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். மங்கம்மா கூடையின் கைப்பிடியை விடவே இல்லை.

"ஒண்ணுகூட இல்லையே" என்று நிமிர்ந்தார் டாக்டர். "சக்கரையும் நல்லா எறங்கியிருக்குது. என்ன மாத்தினீங்க?"

"தீனி நீங்க சொன்னதுதாங்க" என்றாள் மங்கம்மா.

கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். கிணறு, சட்டி, வெள்ளை வளையம், கசப்பு எல்லாவற்றையும் சொன்னார். "நல்ல தண்ணி ஊத்த வேணாம்னு சொன்னது நாந்தாங்க. இந்த வாயாலதான் சொன்னேன். அதுக்குக் கல்லு வந்தது என்னாலதான்."

"தண்ணி ஒண்ணே காரணம்னு நான் சொல்ல மாட்டேங்க. ஏழு வருஷக் கருவாடும் சேர்ந்துதான்" என்றார் டாக்டர். "ஆனா நல்ல தண்ணி இவ்ளோ உள்ள போனதாலதான் இன்னிக்கி இது பிழைச்சிருக்கு. இதையே விடாம செய்ங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். மங்கம்மா ஏதாவது திட்டுவாள் என்று கலியபெருமாள் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்குத் தெரியுங்க" என்றாள் அவள்.

"இன்னா தெரியும்?"

"நீங்க கேனைச் சாய்க்கற சத்தம் எனக்குக் கேக்காதா? மொத நாளே பாத்துட்டேன். புதுச் சட்டியப் பாத்ததும் எனக்கும் புரிஞ்சிடிச்சி. நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்." கூடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். "வெயில்ல காஞ்சி விழுந்துடுவீங்களேன்னு, நீங்க மூஞ்சி கழுவப் போறப்ப அந்த ரெண்டு சொம்ப நான் திரும்ப ஊத்தி வெச்சேன்."

கலியபெருமாளுக்கு அம்மனின் அதிசயம் விளங்கியது. "அப்ப வீட்டுக்குத் தண்ணி?"

"சோத்துக்கும் கொழம்புக்கும் கிணத்துத் தண்ணிதான். ரெண்டு மாசமா நான் உப்பு ஜாடியவே தொறக்கல. ஒரு கல்லு போட்டாக்கூட கரிச்சிக் கொட்டும்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கணக்கா இருக்குதுன்னு நீங்கதான் மெச்சிக்கிட்டீங்களே."

கலியபெருமாளின் நாக்கு. டிகிரி சொல்லுகிற நாக்கு. வேளாவேளைக்குக் கிணற்றுத் தண்ணீரில் வெந்த சோற்றை வழித்துத் தின்றுவிட்டுக் கைப்பக்குவத்தை மெச்சிய நாக்கு. முதலில் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு மங்கம்மா சிரிக்க ஆரம்பித்தாள், பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மேஸ்திரிகிட்ட மட்டும் சொல்லிடாதடி" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் முன்னால் செல்லம்மாள் வாசலில் நின்று, "தப்பு எம்மேலதாம்மா. உன்னப் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டார். அவள் கூடைக்குள் கையை விட்டு மண்ணாங்கட்டியின் தலையைத் தடவினாள். மறுநாள் லாரி வந்தபோது அவளுடைய குடத்தைக் கலியபெருமாள் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

அந்த ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முழுக்க விடவில்லை. பாத்தியெல்லாம் மூழ்கி, ஏரி நிரம்பி, ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது. உப்பு வேலை நின்றுபோய் கலியபெருமாள் வீட்டிலேயே கிடந்தார். லாரியும் பல நாள் வரவில்லை. கூரைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அவர்களும் குடித்தார்கள், மண்ணாங்கட்டிக்கும் ஊற்றினார்கள். மங்கம்மா மட்டும் பழக்க தோஷத்தில் கிணற்றுத் தண்ணீரிலேயே சமைத்துக்கொண்டிருந்தாள்.

அலை வந்து வருஷம் திரும்பப்போகிற மார்கழியில், மழை விட்ட ஒரு பகலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கலியபெருமாள் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், மங்கம்மாவைப் பார்த்தார். மறுபடி வாயைத் திறக்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"மங்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. கொழம்புல உப்பு இல்ல."

"நாந்தான் உப்பே போடறதில்லையே" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றுவிட்டாள். அவர் சோற்றில் ஒரு விரலை வைத்து நக்கிப் பார்த்தாள். எழுந்து கொல்லைப்புறம் ஓடினாள். அவர் எச்சில் கையோடு பின்னால் போனார்.

கிணறு கைக்கு எட்டுகிற உயரத்துக்கு நிரம்பி நின்றது. மங்கம்மா வாளியை விட்டு மொண்டு, ஒரு கை அள்ளி அவரிடம் நீட்டினாள். அவர் குடித்தார். நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

மங்கம்மாவும் குடித்துப் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனாள். மண்ணாங்கட்டி ஈரத்தில் காலை உதறி உதறி வந்து சட்டியில் வாயை வைத்தான். கலியபெருமாள் அவன் குடித்து முடிக்கிற வரை பக்கத்தில் குந்தியிருந்தார். அன்று சாயந்திரம் ஏழு மணிக்கு, மங்கம்மா கூப்பிடும் முன்பே, ஈர மணல் பானையிலிருந்து மருந்தை அவரே எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்.